வீட்ல சொல்லிக்கிறேன்

அத்தியாயம் 11

"சரி, நானே பூட்டுறேன்" என்று நிர்வாகக் கூட்டத்தில் பெரியவள் எழுந்து நின்று சொன்னாள் அல்லவா? போன வாரம் அவளை அந்த இடத்தில்தான் விட்டுவிட்டு வந்தோம். சொல்லும்போது தைரியமாகத்தான் இருந்தது. திங்கட்கிழமை காலையில், பொத்தானுக்கு மேலே விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவ்வளவு தைரியமாக இல்லை.

பூட்டப்போவது கதவை அல்ல. கடையை.

காது கேட்கும் கருவி செய்கிற அந்தக் கம்பெனியில் எல்லோரும் அதைக் 'கடை' என்றே சொல்வார்கள். இணையத்தில் இருக்கிற ஒரு பெரிய சந்தை அது. அங்கே விற்பதெல்லாம் மென்பொருள். கம்பெனியின் கிளவுட் கணக்கில் நுழைந்து, பிடித்ததைப் பார்த்து, 'வாங்கு' என்று ஒரு தட்டுத் தட்டினால் போதும். பொருள் வந்துவிடும். பில் மாதக் கடைசியில் கம்பெனி தலையில் விழும்.

யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் வாங்கலாம் என்று விட்டதில் வந்த வினைதான் எல்லாம். ஒரே வேலையைச் செய்கிற மென்பொருளை மூன்று பிரிவுகள் மூன்று பெயரில் வாங்கி வைத்திருந்தன. பிறந்தநாள் வாழ்த்து அட்டை வரைவதற்கென்றே ஒருவர் ஒன்று வாங்கியிருந்தார். இதையெல்லாம் சிரித்துவிட்டு விட்டுவிடலாம். ஆனால், பேசுவதைத் தானே எழுதிக் கொடுக்கும் என்று ஒரு பிரிவு ஆசை ஆசையாய் வாங்கிய சரக்கு, நோயாளிகள் பேசியதையெல்லாம் ஊர் பேர் தெரியாத இடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடித்தது பெரியவள். கண்டுபிடித்த குற்றத்துக்காக வேலையும் அவள் தலையிலேயே விழுந்தது.

இனிமேல் கடையில் எல்லாச் சரக்கும் கண்ணில் படாது. பெரியவள் சோதித்துச் சரி என்றவை மட்டும் அலமாரியில் இருக்கும். வேறு ஏதாவது வேண்டுமென்றால் 'வேண்டுகோள்' என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கி, எதற்கு என்று நாலு வரி எழுதினால் அவளிடம் வந்து சேரும். இதை எல்லாப் பிரிவுக்கும் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துவிட்டது. அதிலிருந்து ஆபீசில் அவளுக்குப் பெயர் 'பூட்டு'.

"ஒரு மாசம் பார்ப்போம்" என்று மேலாளர் சொல்லியிருந்தார். "சொந்தக்காரங்க, சிநேகிதங்க, பாவம்னு யாருக்காவது ஒரு தடவை நைஸா திறந்தீங்கன்னு வைங்க, அன்னைக்கே இது முடிஞ்சுதும்மா. அப்புறம் பழையபடி சந்தைதான்."

பெரியவள் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அமுக்கினாள். திரையில் பச்சை நிறத்தில் ஒரு வரி வந்தது. அவ்வளவுதான். இடி இடிக்கவில்லை.

"பூட்டியாச்சா?" என்றார் பக்கத்து மேஜைக்காரர்.

"பூட்டியாச்சு சார்."

"ஏன் முகம் இப்படி இருக்கு?"

தகவல் பாதுகாப்பு அதிகாரி அவர். அனுமதி கொடுக்கும் அதிகாரம் அவளுக்கு அடுத்தபடியாக அவருக்குத்தான். எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்பதால் கம்பெனி முழுவதும் அவருக்கு ஏன்-சார் என்று பெயர். "சார், டீ" என்றால்கூட "ஏன்?" என்பார். காரணம் கேட்ட பிறகுதான் குடிப்பார்.

"ஒண்ணுமில்ல சார். யாராவது வந்து கத்துவாங்கன்னு எதிர்பார்த்துக்கிட்டு இருக்கேன்."

கத்துவதற்கு ஒருவர் படியேறி ஓடி வந்துகொண்டுதான் இருந்தார். அவளுடைய வீட்டுக்காரர்.

*

அதே கம்பெனியில் கீழ்த்தளத்தில் மோல்டுப் பிரிவுக்குத் தலைவர் அவர். கருவி காதுக்குள் ஆடாமல் அசையாமல் உட்கார ஒரு சின்ன அச்சு வேண்டுமே, அதுதான் மோல்டு. ஆளுக்கு ஆள் காது வேறு. காதை ஸ்கேன் எடுத்து, அதை மென்பொருளில் போட்டு உருவம் ஆக்கி, இயந்திரத்தில் வார்த்து எடுப்பார்கள். உருவம் கொஞ்சம் பிசகினாலும் கருவி விசில் அடிக்கும், காது புண்ணாகும்.

ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றார்.

"கடையைப் பூட்டிட்டியா?"

"இப்பத்தான்."

"ஐயோ."

"என்ன ஐயோ?"

"எங்க மென்பொருள் இன்னைக்கு ராத்திரியோட முடியுது. புதுப்பிக்கலாம்னு போனா 'இந்தப் பொருள் உங்கள் கடையில் இல்லை'ங்குது. நாளன்னைக்கு அந்தப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல கருவி மாட்டணும். பாதி மோல்டுகூட முடியல."

பெரியவளுக்கு அந்தப் பள்ளிக்கூடம் தெரியும். காது கேளாத பிள்ளைகளுக்கானது. முதல் முறையாகக் கருவி மாட்டிக்கொள்ளப் போகிற பிள்ளைகள்.

"வேண்டுகோள் அனுப்பினீங்களா?"

அவர் ஏப்ரனில் இல்லாத தூசியைத் தட்டினார்.

"எல்லாப் பிரிவும் அனுப்புச்சு. வாசல் செக்யூரிட்டிகூட அனுப்பினார். உங்க பிரிவுலேர்ந்து ஒண்ணுமே வரல. சரி, இவங்களுக்கு எதுவும் தேவையில்ல போலன்னு நினைச்சேன்."

"பசங்க கேட்டாங்க. அனுப்பணுமே சார்னு. நான்தான்..."

"நீங்கதான்?"

"அனுப்ப வேணாம்ப்பா, நான் வீட்ல சொல்லிக்கிறேன்னு சொல்லிட்டேன்."

ஏன்-சார் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவர் முதுகு சிரிப்பது நன்றாகத் தெரிந்தது.

"சரி. வீட்ல சொன்னீங்களா?"

"சொல்ல விட்டாத்தானே!"

இங்கே அந்த வீட்டின் சட்டத்தைச் சொல்லியாக வேண்டும். கல்யாணமான புதிதில் இருவரும் ஆபீஸ் சண்டையை அப்படியே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் ஸ்கேனர் ரிப்பேர் பற்றிப் பேசிப் பேசி, ஒரு நாள் இருவருமே சாப்பிடாமல் எழுந்துவிட்டார்கள். அவர்களோடு இருந்த பெரியவளின் அப்பா அன்றைக்குத் தீர்ப்புச் சொன்னார். "செருப்பைக் கழட்டுற இடத்துலயே ஆபீசையும் கழட்டிட்டு வாங்க. பேசினவங்க அன்னைக்குப் பாத்திரம் கழுவணும்." நடுவரும் அவரே.

அப்பாவுக்குக் காது கேட்காது. வாழ்நாள் முழுக்க அச்சகத்தில் இயந்திரம் ஓட்டியவர். அந்தச் சத்தம் காதை வாங்கிக்கொண்டது. அதனால் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிப்பார். 'சாப்பாட்டுல உப்பு குறைச்சுக்கங்க' என்று பத்து முறை சொன்னால் ஒரு முறைகூடப் புரியாது. 'ஆபீஸ்' என்று எந்த மூலையில் யார் உதடு அசைந்தாலும் உடனே புரிந்துவிடும்.

"போன வாரம் எப்படியாவது சொல்லிடணும்னு நீ குளிக்கப் போனப்போ ஒத்திகை பார்த்தேன்" என்றார் வீட்டுக்காரர். "வாய்க்குள்ளதான், சத்தமே இல்ல. 'அந்த ஆபீஸ் மென்பொருள்'னு ஆரம்பிச்சதுதான் தாமதம். மாமா பேப்பருக்கு மேல எட்டிப் பார்த்து சிங்க்கைக் காட்டினார். எல்லாத்தையும் கழுவினேனா இல்லையா?"

"கழுவினீங்க. குக்கர் மூடி உட்பட. என் மேல திடீர்னு பாசம் வந்துடுச்சுன்னு நான் நினைச்சேன்!"

"அதுவும்தான்."

"பொத்தானை அமுக்கியிருந்தா ஒரு நிமிஷ வேலை."

"கட்டின பொண்டாட்டிகிட்ட பொத்தான் அமுக்கியா கேக்குறது?"

"பொண்டாட்டிகிட்ட இல்ல. பூட்டுகிட்ட. போய் அமுக்குங்க."

அங்கேயே உட்கார்ந்து அமுக்கினார். நாலு வரி கேட்டால் எட்டு வரி எழுதினார். கடைசி வரி: 'தாமதத்துக்கு வருந்துகிறேன், இந்த வாரம் பாத்திரம் என் பொறுப்பு.' அந்த வரியை மட்டும் அழிக்கச் சொன்னாள்.

*

வேண்டுகோள் வந்ததும் பெரியவள் அந்த மென்பொருளின் பக்கத்தைத் திறந்தாள். விற்பவர் ஏதோ சின்ன நிறுவனம். கேள்விப்படாத பெயர். இரண்டு வரி விளக்கம். அதற்குக் கீழே பெரிய படமாக, சாம்பல் நிறத்தில் ஒரு காது.

சுட்டியைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது.

காதின் மேல் விளிம்பில் ஒரு குறை. பிஸ்கட்டை ஒரு கடி கடித்துவிட்டு வைத்த மாதிரி.

அந்தக் காதை அவளுக்கு எத்தனை வருஷமாகத் தெரியும்! ஸ்கூட்டரில் அப்பாவின் முதுகோடு ஒட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போன நாளெல்லாம் அவளுக்கு ஊர் தெரியாது, வானம் தெரியாது. கண்ணுக்கு நேரே தெரிந்தது அந்தக் காதுதான். சின்ன வயதில் நாய் கடித்ததாம். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் அந்தக் குறையில் விரலை வைத்துப் பார்ப்பாள். "கூசுது, எடு" என்பார் அப்பா.

"என்னங்க. இது அப்பா காது."

"யார் அப்பா?"

"எனக்கு எத்தனை அப்பா?"

வீட்டுக்காரர் குனிந்து திரையைப் பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். "தினமும் காலையில இதைத் திறந்துதான் வேலையே ஆரம்பிக்கிறேன். இது மாமா காதா?"

"கூடவே இருக்கீங்க, தெரியலையா?"

"மாமா பக்கத்துல இருந்தா நான் அவர் கையைத்தான் பார்ப்பேன். எப்ப சிங்க்கைக் காட்டப் போறாரோன்னு."

பக்கத்தின் அடியில் சேவை மைய எண் இருந்தது. பெரியவள் மாடிப்படிக்குப் போய் நின்று, ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிட்டாள். வீட்டுக்காரரும் பின்னாலேயே வந்தார்.

"வணக்கம். எங்கள் சேவை மையத்துக்கு உங்களை வரவேற்கிறோம்." கனமான, மூக்கடைத்த ஆண் குரல்.

"ஒரு சந்தேகம் சார். நாங்க அனுப்புற ஸ்கேன் எல்லாம் எங்க போய்ச் சேருது?"

"நல்ல கேள்வி. தொழில்நுட்பப் பிரிவுக்கு மாத்துறேன். லைன்லயே இருங்க."

மறுமுனையில் யாரோ வாயாலேயே ஒரு மெட்டை முணுமுணுக்கும் சத்தம் கேட்டது. பிறகு கொஞ்சம் மெலிந்த குரல், அதே மூக்கடைப்போடு. "தொழில்நுட்பப் பிரிவு."

"உங்க தொழில்நுட்பப் பிரிவு, சின்ன வயசுல என் சடையை நாற்காலியோட சேர்த்துக் கட்டின பிரிவுதானே?"



"...அக்கா."

சின்னவன்! நிலையான வங்கி வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஏதோ செய்யப் போகிறேன் என்றவன். "சொந்தக் கால்ல நின்னு காட்டு, அப்புறம் இந்த வீட்டுக்குள்ள வா" என்று அப்பா சொன்ன ஒரு வார்த்தைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போனவன். ஒன்றரை வருஷமாக அக்காவின் செய்திகளுக்கு அவனுடைய பதில் இரண்டே வார்த்தைதான். நல்லா இருக்கேன்.

"நல்லா இருக்கேன்னு ரெண்டு வார்த்தை அனுப்பத் தெரியுது. கம்பெனி வச்சிருக்கேன்னு இன்னும் ரெண்டு வார்த்தை வராதாடா?"

"கம்பெனின்னா... நான் மட்டும்தான்க்கா."

"அதான் கேட்டேனே. எல்லாப் பிரிவுக்கும் ஒரே ஜலதோஷம்."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் பெரியவளுக்குத் திட்டுவதற்கு வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"நாங்க வாங்கறோம்னு தெரியுமா உனக்கு?"

"அத்தான் பிரிவுதான் என்னோட முதல் வாடிக்கை. தெரியாம இருக்குமா? சொன்னா சொந்தம்னு வாங்கினதா ஆயிடும். சொந்தக் கால்னு அப்பா சொன்னது அது இல்லையே. அத்தான் நான்னு தெரியாமத்தான் வாங்கினார். அது எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?"

வீட்டுக்காரர் சட்டென்று மாடிப்படிச் சுவரில் எதையோ பார்க்க ஆரம்பித்தார்.

"அந்தக் காது?"

"அப்பாவுக்கு அன்னைக்கு நீங்க செஞ்சு கொடுத்த மோல்டு குத்துதுன்னு டிராயர்ல தூக்கிப் போட்டாரே, ஞாபகம் இருக்கா? எல்லா மென்பொருளும் காதுன்னா முழுசா இருக்கும்னு நினைச்சுக்குது. குறை இருந்தா தடுமாறிடும். நான் அந்தக் காதுலேர்ந்தே ஆரம்பிச்சேன். அதுல சரியா வந்தா எதுலயும் வரும். உள்ள இருக்கிற அளவு, கணக்கு எல்லாமே அப்பா காதுதான்."

பெரியவள் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எப்படா ஸ்கேன் எடுத்த?"

"கிளம்புறதுக்கு முந்தின வாரம். ஸ்கேன் மெஷினை வாடகைக்கு எடுத்துட்டு வந்தேன். மத்தியானம் அப்பா தூங்கிட்டு இருந்தார்."

*

"இப்ப என்ன, திறந்துட வேண்டியதுதானே" என்றார் வீட்டுக்காரர், போனை வைத்த பிறகு. "நல்ல பொருள். நாங்க உபயோகிச்சுப் பார்த்தது. அவன் உன் தம்பின்னு இங்க யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"அந்தப் பிள்ளைங்களை நினைச்சுப் பாரு."

"அதை நினைக்காமலா நிக்கிறேன்?" "கேக்கிறது புருஷன், விக்கிறது தம்பி, திறக்கிறது நான். முதல் நாளே இதை நைஸா செஞ்சா, நாளைக்கு அடுத்தவங்களை எந்த வாயால நிறுத்துவேன்? இன்னொருத்தர் சொந்தக்காரர் நம்ம நோயாளிங்க பேச்சை எங்கயோ அனுப்பினா யாரு பூட்டுவா?"

வீட்டுக்காரர் அவள் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். "சரி. பூட்டு பூட்டாவே இரு."

பெரியவள் நேரே ஏன்-சாரிடம் போனாள். "சார், இந்த வேண்டுகோளை நான் பார்க்க மாட்டேன். நீங்க பாருங்க."

"ஏன்?"

சொன்னாள். எல்லாவற்றையும், சடையை நாற்காலியில் கட்டியது உட்பட. அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு சின்னவனைப் போனில் கூப்பிட்டார்.

அன்று மத்தியானம் அந்தப் பக்கம் போனவர்கள் காதில் விழுந்ததெல்லாம் ஒரே வார்த்தைதான். ஸ்கேன் எங்கே சேமிக்கப்படுகிறது, ஏன் அங்கே, ஏன் இத்தனை நாள், வேலையாள் ஒருவர் மட்டும்தானா, ஏன், உங்களுக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் யார் பார்ப்பார்கள், ஏன் யாரும் இல்லை? பெரியவள் எதிர் மேஜையில் உட்கார்ந்து ஒரே கோப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். பள்ளிக்கூடத்தில் தம்பி வாய்ப்பாடு சொல்லும்போது ஜன்னலுக்கு வெளியே நின்று தவித்தவள் அல்லவா!

கடைசியில் ஏன்-சார் போனை வைத்தார்.

"பையன் கெட்டிக்காரன். எதையும் மறைக்கல. நான் ஏன்னு கேக்கிறதுக்கு முன்னாடியே ரெண்டு தடவை காரணம் சொல்லிட்டான். எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"அப்ப திறக்கலாமா சார்?"

"ஒண்ணே ஒண்ணு இடிக்குது. உயிரோட இருக்கிற ஒருத்தரோட உடம்பு அளவு பொருளுக்குள்ள இருந்தா, அவர் சம்மதக் கையெழுத்து வேணும். இந்த விதியை எழுதினது யாரு?"

"நான்தான் சார்."

"காதுக்காரர் கையெழுத்துப் போட்டாரா?"

"இல்ல சார்."

"ஏன்?"

"தூங்கிட்டு இருந்தார்."

"ஏன்?" என்று கேட்டுவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. உடனே அடக்கிக்கொண்டார். "நாளைக்குக் காலையில கையெழுத்து வந்தா நானே திறக்கிறேன். பிள்ளைங்க மோல்டும் முடிஞ்சுடும். வரலேன்னா திறக்க முடியாதும்மா. அது உங்க அப்பாவா இருந்தாலும் சரி."

*

அவர்கள் வீட்டுக்கு வந்தபோது அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து, பூதக்கண்ணாடியால் செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். படிக்கவில்லை. அச்சைச் சோதித்துக்கொண்டிருந்தார். வேலையை விட்டு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. "சிவப்பு தள்ளி விழுந்திருக்கு. யாரு ஓட்டுறானோ" என்றார், பொதுவாக உலகத்திடம்.

பெரியவள் செருப்பைக் கழற்றினாள். ஆபீசைக் கழற்றவில்லை. நேரே போய் அவர் முகத்துக்கு எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்பா. ஆபீஸ் விஷயம்."

அப்பாவின் விரல் தானாக சிங்க் பக்கம் நீண்டது.

"கழுவுறேன். எல்லாத்தையும் நானே கழுவுறேன். முதல்ல இதைப் பாருங்க."

அச்செடுத்து வந்திருந்த படத்தை மடியில் வைத்தாள். அப்பா பூதக்கண்ணாடியை அதன் மேல் கொண்டுபோனார்.

"சாம்பல் நல்லா விழுந்திருக்கு. யாரு காது இது? ஐயோ பாவம், நாய் கடிச்ச மாதிரி..."

நிறுத்தினார். கண்ணாடியைப் பிடித்திருந்த கை அப்படியே இருந்தது. மற்றக் கை மெல்ல எழுந்து தன் காதின் மேல் விளிம்பைத் தொட்டது. எழுபது வருஷமாகத் தன்னோடு இருக்கிற காதை மனிதர் இப்போதுதான் நேருக்கு நேர் பார்க்கிறார்.

பெரியவள் ஒவ்வொரு வார்த்தையாக, உதடு தெரியும்படி சொன்னாள். கடை, பூட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், நாளைக் காலை, கையெழுத்து. சின்னவன் பெயரை மட்டும் கடைசிவரை தள்ளிக்கொண்டே போனாள். தள்ளினாலும் அது வந்துதானே ஆக வேண்டும்?

"இதைச் செஞ்சது..."

"தெரியும்" என்றார் அப்பா.

சம்மதத் தாளையும் பேனாவையும் எடுத்துக் கொடுத்தாள். வாங்கினார். தாளில் தன் பெயருக்கான இடத்தைப் பார்த்தார். பிறகு பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"போட மாட்டேன்."

"அப்பா! அந்தப் பிள்ளைங்க..."

"பிள்ளைங்களுக்காகத்தான் சொல்றேன். சீக்கிரம் ஆகட்டும். நீ கொண்டுவந்து நீட்டினா போட மாட்டேன். மாப்பிள்ளையைத் தூது விட்டாலும் போட மாட்டேன். யாருக்கு என் காது வேணுமோ அவன் வந்து கேக்கணும். வீட்ல வந்து சொல்லணும்." கொஞ்சம் நிறுத்தி, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார். "வரும்போது அந்த மெஷினையும் கொண்டுவரச் சொல்லு. போன தடவை ஒரு காதுதான் எடுத்தான்."

பெரியவள் அவர் தோளைத் தொட்டுத் திருப்பினாள். "நீங்க தூங்கலையா அன்னைக்கு?"

"முகத்துக்குப் பக்கத்துல லைட் அடிச்சா எவன் தூங்குவான்? மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்தேன். அசைஞ்சா கெட்டுப்போயிடுமேன்னு." அப்பாவின் குரல் தணிந்தது. "இன்னொரு காதுக்குத் திரும்பிப் படுக்கலாம்னுதான் பார்த்தேன். முழிச்சிருக்கேன்னு தெரிஞ்சுடும். அப்புறம் பேச வேண்டி வரும். அந்த வாரம் அவன்கிட்ட நல்ல வார்த்தை பேசுற நிலைமையிலயா இருந்தேன்?"

எதையோ சொல்ல வாயெடுத்துத் திரும்பிய பெரியவள், கதவோரம் வீட்டுக்காரர் நிற்பதைப் பார்த்தாள். கையில் போனை நீட்டிப் பிடித்தபடி நின்றார். திரையில் வெளிச்சம். 'சின்னவன்.' எப்போதிலிருந்து லைனில் இருக்கிறான் என்று அவள் கண்ணாலேயே கேட்டாள்.

'முதல்லேர்ந்து' என்று அவர் உதட்டை மட்டும் அசைத்தார்.

பெரியவள் போனைப் பிடுங்கிக் காதில் வைத்தாள். "டேய். கேட்டியா? வர்றியா?"

மூக்கை உறிஞ்சும் சத்தம். எங்கோ ஒரு நாற்காலி நகரும் சத்தம். ஏதோ விழுந்தது. பிறகு லைன் அறுந்துவிட்டது.

மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள்.

"கிளம்பிட்டானோ?" என்றார் வீட்டுக்காரர் மெதுவாக.

"அழுதுட்டு உக்கார்ந்திருக்கானோ என்னவோ. அவனுக்கு ரெண்டும் வரும்."

"என்ன ரெண்டு பேரும் அங்க உதட்டை அசைக்கிறீங்க? ஆபீஸா?" என்றது அப்பாவின் குரல். விரல் சிங்க்கைக் காட்டியது. "ரெண்டு பேரும் சேர்ந்தே கழுவுங்க."

சேர்ந்தே கழுவினார்கள். அவள் தேய்க்க, அவர் அலச, இருவர் கண்ணும் வாசல் மேலேயே இருந்தது. ஒரு வண்டி வந்து தெருவில் நின்றது. பக்கத்து வீட்டுக்கு வந்த வண்டி.

கூடத்தில் அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு சோபாவில் சாய்ந்தார். வழக்கமாக எந்த நேரத்தில் படுத்தாலும் சுவர்ப் பக்கம் முகத்தை வைத்து, நாய் கடித்த காது மேலே தெரியும்படிதான் படுப்பார். இன்று வாசல் பக்கம் திரும்பிப் படுத்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். அளவெடுக்காத மற்றக் காது மேலே தெரிந்தது.

மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.